ரோவன் அண்ணாவை ஊருக்குக் கொண்டுபோன கதை

1

போன சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கனடாவில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் காபி கலந்துகொண்டிருந்தேன். உங்களுக்கு அப்போது சாயங்காலம் ஏழரை. பொழிச்சலூரிலிருந்து போன் வந்தது. என் அக்கா பையன் கவின்.

"மாமா, இன்னிக்கு இன்னா நாள் சொல்லு?"

"சனிக்கிழமை."

"ஐயோ மாமா! ரோவன் அண்ணா செத்து ஒரு வருஷம் ஆவுது. சிட்டு காலைலேர்ந்து காக்காவுக்கு பிஸ்கட் வெச்சுகினு கீறா."

சிட்டு அவனுடைய தங்கை. பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "ஒரு காக்கா கூட வரல மாமா! நல்ல க்ரீம் பிஸ்கட் மாமா!"

"க்ரீமெல்லாம் இவளே நக்கிட்டா மாமா. அப்புறம் காக்கா எதுக்கு வரும்?" இது கீழ்வீட்டு ஆயிஷா.

மூன்று பேரும் ஒரே போனுக்குச் சண்டை போட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே காபியைப் பொங்க விட்டுவிட்டேன்.

இந்த ரோவன் யாரென்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது. அப்படி ஒருவன் உலகத்தில் பிறக்கவே இல்லை. என் மகள் தாரிணி ஒரு விளையாட்டுக்காகக் கற்பனை செய்த ஆள் அவன். பிறக்காதவனுக்கு வருஷ திதியா என்று கவினின் வகுப்பில் எல்லோரும் சிரித்தார்களாம். "நீயே எழுதி அனுப்பு மாமா, நான் கிளாஸ்ல படிச்சுக் காட்றேன்" என்றான்.

ஆகவே கவின் வகுப்புப் பிள்ளைகளே, உங்களுக்காகவும் உங்களைப்போன்ற மற்றப் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். பிழை இருந்தால் உங்கள் தமிழ் மிஸ் திருத்திக்கொள்ளட்டும்.

2

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

நாலைந்து பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். அவரைக் கேம் மாஸ்டர் என்பார்கள். மற்ற ஒவ்வொருவரும் அந்தக் கதைக்குள் ஓர் ஆள். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் திருடன். கேம் மாஸ்டர் சொல்வார்: "எதிரே இடிந்த கோட்டை. கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே யாரோ இருமுகிறார்கள். நீ என்ன செய்கிறாய்?" உடனே நீங்கள் யோசிக்க வேண்டும். கதவைத் தள்ளலாம், ஓடிப்போகலாம், இருமுகிறவருக்கு வெந்நீர் கொடுக்கலாம். எது வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் நினைத்தது நடக்குமா என்பது டைஸ் என்ற பகடையின் கையில் இருக்கிறது. இருபது முகம் உள்ள டைஸ், பார்க்க நெல்லிக்காய் மாதிரி இருக்கும். பெரிய எண் விழுந்தால் நடக்கும். சின்ன எண் விழுந்தால் மாட்டிக்கொள்வீர்கள். வழியில் வருகிற பூதம், கடைக்காரன், ராஜா எல்லோராகவும் கேம் மாஸ்டரே பேசுவார். கதை ஒரே நாளில் முடியாது. மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் போகும்.

நாங்கள் இருக்கும் ஊரில் பாதி வருஷம் பனி. தாரிணிக்குப் பதினொரு வயதானபோது நூலகத்தில் ஓர் அறையில் பிள்ளைகள் இதை விளையாடுவதைக் கண்டுபிடித்தாள். நான் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே குளிர் தாங்காமல் அதே அறையின் மூலையில் உட்கார்ந்திருப்பேன்.

நான் விவசாய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். அங்கே எனக்கு வேலையைச் சொல்வார்கள், நான் செய்வேன். அதற்கு முன் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோதும் அப்படித்தான். "நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று என்னை யாரும் கேட்டதில்லை. அந்த அறையிலோ சின்னச் சின்னப் பிள்ளைகளை மாற்றி மாற்றி அதைத்தான் கேட்டார்கள். பிள்ளைகளும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பெரிய தீர்ப்புச் சொல்லப்போகிறவர்கள்போல யோசித்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மூலையிலிருந்து என் நாற்காலி மெல்ல மெல்ல மேசைப் பக்கம் நகர்ந்தது.

ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது தாரிணி காரில் உம்மென்று வந்தாள். அன்று அவள் பெரிய சண்டையில் ஜெயித்திருந்தாள். என்னம்மா என்றேன்.

"அந்த கேம் மாஸ்டர் பையன் எனக்காக நம்பரை மாத்திட்டான்பா. நான் பாத்தேன். ஹி வாஸ் பீயிங் நைஸ்."

"நல்லதுதானே?"

"இல்ல. அப்போ அது ரோவன் ஜெயிச்சது இல்ல."

ரோவன்தான் அவளுடைய ஆள். கேடயம் தூக்குகிற வீரன். கத்தியைவிடக் கேடயத்தை அதிகம் பயன்படுத்துவான். யாருக்காவது முன்னால் போய் நின்று அடி வாங்கிக்கொள்வதுதான் அவன் வேலை.

அடுத்த வருஷம் நூலகக் கூட்டம் கலைந்துபோனது. சிலர் ஊர் மாறினார்கள், சிலருக்கு ஹாக்கி. அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "நான் கேம் மாஸ்டரா இருக்கட்டுமா?" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. ஆனா ஒரு ரூல். பொய் நம்பர் சொல்லக்கூடாது. ரோவன் செத்தாலும்." கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அடுப்பங்கரை மேசையில் நானும் அவளும். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியாது. "தி ஜயன்ட் இஸ் கமிங் பை வாக்" என்பேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு நான் தமிழில் சொல்ல, அவள் இங்கிலீஷில் பதில் சொல்ல, எப்படியோ ஓடியது.

அந்த வயதில் பிள்ளைகள் பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள். "ஸ்கூல் எப்படிம்மா?" "ஃபைன்." "சாப்பிட்டியா?" "ஃபைன்." அவ்வளவுதான், கதவு சாத்திக்கொள்ளும். ஆனால் ரோவன் பேசுவான். ஒருநாள் கதையில் ரோவன் ஒரு சத்திரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். நான் சத்திரக்காரனாக, "ஏன் தம்பி தனியா உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டேன்.

"என் பேரை இங்க யாரும் சரியா சொல்றதில்ல" என்றான் ரோவன்.

ரோவன் என்ற பெயரைக் கனடாவில் எல்லோரும் சரியாகத்தான் சொல்வார்கள். நான் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினேன். மறுநாள் அவள் பள்ளிக்குப் போய் டீச்சரைப் பார்த்துப் பேசினேன். தாரிணி என்று சொல்லிக்காட்டினேன்.

என் மகளிடம் நான் பேசுவதற்கு இருந்த ஒரே ஆள் ரோவன்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

போன வருஷம் ஜூலையில், கனடாவின் கோடை விடுமுறைக்குப் பொழிச்சலூர் வந்தோம், நானும் தாரிணியும் மட்டும். அவள் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை.

வருவதற்கு முன் காகித வேலை எங்களைப் பிழிந்து எடுத்துவிட்டது. என் பெயர் குமார். பாஸ்போர்ட்டில் இன்ஷியலை விரித்து எழுதச் சொன்னதால், இங்கே என் குடும்பப் பெயர் முனுசாமி ஆகிவிட்டது. முனுசாமி என் அப்பா. அவர் செங்கல்பட்டைத் தாண்டிப் போனதில்லை. இப்போது கனடாவில் பேங்க், ஆஸ்பத்திரி, வரி ஆபீஸ் எல்லா இடத்திலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து நிற்கிறேன். தாரிணியின் குடும்பப் பெயர் குமார். விசா கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டு காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "நீங்கள்தான் அப்பா என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார். தாம்பரத்தில் பிறந்த பிள்ளை தாம்பரம் போவதற்கு, அப்பா அப்பாதான் என்று இன்னொரு காகிதம் வாங்கினோம்.

அக்கா வீடு இரண்டாவது மாடி. விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் விமானம் தலையைத் தட்டிவிட்டுப் போகிற மாதிரி போகும். அது போகும்வரை யாரும் பேச மாட்டார்கள், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

தாரிணிக்குத் தமிழ் எல்லாம் புரியும். பேசினால்தான் தடுமாறும். வந்த அன்றே "நான் பசிக்குது" என்றாள். கவினுக்கு அது போதாதா?

"ஃபாரின் அக்கா, நீ பசிக்குதா? நான் தூங்குதா. வா, இட்லி உன்ன சாப்டும்."

"டேய், வாய மூடு, எருமை" என்றாள் என் அக்கா விஜயா.

அதற்குள் தாரிணி சுவரோரம் போய் போனை எடுத்துவிட்டாள். நான்கு நாள் அப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் மாலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பையிலிருந்து டைஸை எடுத்துப் பாயில் உருட்டினேன். கல்யாணப் பத்திரிகை வந்த அட்டைப் பெட்டியை வெட்டி எனக்கு முன்னால் ஒரு தடுப்பு நிறுத்திக்கொண்டேன். கேம் மாஸ்டரின் ரகசியங்கள் அதற்குப் பின்னால் இருக்கும்.

கவின் பூட்டைத் திறக்கத் தெரிந்த திருடன் ஆனான். ஆயிஷா வைத்தியச்சி. அவள் அப்பாவுக்குப் பம்மலில் ஹார்டுவேர் கடை. அதனால் அவளுடைய வைத்தியச்சியின் பையில் மருந்தோடு ஸ்குரூ, ஆணி, கயிறு எல்லாம் இருந்தன. எட்டு வயது சிட்டு, பேசும் அணில் வளர்க்கும் ஒரு சின்னப் பெண். தாரிணி வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தாள், ரோவனோடு.

பிள்ளைகளே, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் விளையாடுகிற அழகே அழகு! காட்டில் கொள்ளைக்காரர்கள் வழி மறித்தார்கள். கனடாப் பிள்ளைகள் என்றால் உடனே கத்தியை உருவுவார்கள். கவின் கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, நாங்க ஏரியா பசங்கண்ணே. எதுக்குண்ணே பேஜாரு? வுடுண்ணே" என்றான். ஒற்றைக் கண் பூதத்திடம் சிட்டு, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். நூறு வருஷமாக அந்தப் பூதத்தை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. மேலே விமானம் போனபோது, "டிராகன் பறக்குது, எல்லாரும் படுங்க!" என்றேன். நால்வரும் பாயில் குப்புற விழுந்தார்கள். அதன்பிறகு எந்த விமானம் போனாலும் ஆயிஷா, "மாமா, இது நல்ல டிராகனா கெட்ட டிராகனா?" என்று கேட்பாள்.

ஒருநாள் பாழடைந்த கோயில் ஒன்றுக்குள் நுழைந்தார்கள். "செருப்ப வெளில வுட்டுட்டு உள்ள போறோம்" என்றான் கவின், யாரும் கேட்காமலே.

"வாட்? டன்ஜனுக்குள்ள யாராவது ஷூஸ் கழட்டுவாங்களா?" என்றாள் தாரிணி. பூதங்கள் பதுங்கும் பாழிடத்துக்கு இந்த விளையாட்டில் அதுதான் பெயர்.

"கோயில்க்கா அது" என்றாள் சிட்டு.

கேம் மாஸ்டர் இப்படிக் கிடைத்ததை விடக்கூடாது. உள்ளே வௌவால் கூட்டம் கிளம்பியது. எல்லோரும் ஓடினார்கள். வெளியே தரையெல்லாம் நெருஞ்சி முள்! மூன்று பேர் வெறுங்காலோடு வாசலில் நின்று கத்தினார்கள். ரோவன் ஒருவன்தான் பூட்ஸோடு இருந்தான். ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டான். மூன்றாவது நடைக்குத் தாரிணி சிரிப்பை அடக்க முடியாமல் பாயில் சாய்ந்துவிட்டாள். அன்று முதல் அவள் பெயர் ஃபாரின் அக்கா இல்லை. ரோவன், ரோவன் அண்ணா ஆனான்.

4

அடுத்த வாரம் பாலம் வந்தது.

மலைப் பூதம் ஒன்று துரத்துகிறது. கீழே ஆழமான ஆறு, மேலே கயிற்றுப் பாலம். கவினும் ஆயிஷாவும் கடந்துவிட்டார்கள். சிட்டு பாதிப் பாலத்தில் அணிலைத் தேடிக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் அப்படித்தான். பூதம் பாலத்தில் கால் வைத்தது.

"தாரிணி, ரோவன் என்ன செய்யறான்?"

"திரும்பிப் போய் நடுவுல நிக்கறான். கேடயத்தோட. சிட்டு தாண்டற வரைக்கும்."

"ரோவனுக்கு ஏற்கனவே நிறைய அடிபட்டிருக்கும்மா."

"தெரியும்."

பூதத்தின் அடிக்கு நான்தான் உருட்ட வேண்டும். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டினேன். எட்டு விழுந்தால்கூடக் கேடயம் தாங்கும். விழுந்தது பத்தொன்பது. அதைத் தாங்காது. தாங்கவே தாங்காது.

அந்த எண் என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஐந்து என்று சொல்லியிருக்கலாம். மூன்று பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்தார்கள். தாரிணியும் பார்த்தாள். எனக்கு அந்தக் கார்ப் பயணம் நினைவுக்கு வந்தது. அட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தேன். டைஸ் எல்லோருக்கும் தெரிந்தது.

ரோவன் பாலத்திலேயே விழுந்தான். சிட்டு மட்டும், "நான் தாண்டிட்டேனா மாமா?" என்றாள்.

"தாண்டிட்டே சிட்டு. அவன் நின்னதாலதான் தாண்டினே."

தாரிணி எழுந்து உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மேலே ஒரு விமானம் போனது. அது என்ன டிராகன் என்று ஆயிஷா கேட்கவில்லை.

அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "நீயெல்லாம் ஒரு அப்பனாடா குமாரு? விளையாட்டுதானே, ஒரு பொய் சொன்னா குடியா முழுகிப் போயிடும்? இப்பத்தான் குழந்தை வாயத் திறந்து நாலு வார்த்தை பேசுது."

"அவகிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்க்கா."

"சத்தியத்தை வெச்சு நீயே சாப்டு" என்று அக்கா அடுப்பங்கரைக்குப் போனாள்.

அன்று ராத்திரி தாரிணி தட்டைக் கதவருகே வாங்கிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. "தாரு, புதுசா ஒரு ஆள் செஞ்சுக்கலாம்மா" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். இந்த விளையாட்டில் அதுதான் வழக்கம். ஆள் செத்தால் இன்னொரு ஆளைச் செய்துகொண்டு தொடர வேண்டியதுதான்.

"எனக்கு வேணாம். ஐ'ம் டன், அப்பா."

இனி எந்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்னோடு உட்காருவாள்? யார் பெயரால் நான் அவளிடம் பேசுவேன்?

5

மூன்றாம் நாள் சாயங்காலம் கவினும் ஆயிஷாவும் சிட்டுவும் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"தாரிணி வரமாட்டா. நீங்க மூணு பேரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கீங்க. எதிரே மலைக்கோட்டை. என்ன செய்யறீங்க?" என்று ஆரம்பித்தேன்.

கவின் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "கோட்டை கெடக்குது மாமா. பாடி எங்க?"

"எந்த பாடி?"

"ரோவன் அண்ணா பாடி. பாலத்துலயே வுட்டுட்டு வந்துட்டமா?"

நூலகத்தில் எத்தனையோ ஆட்கள் செத்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எங்கே விழுந்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டதில்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் புது ஆள் செய்துகொள்ளும் வழக்கமே தெரியாது. சாவு என்றால் அடுத்து என்ன என்பதுதான் தெரியும்.

"எங்க வூட்ல ஒடனே அடக்கம் பண்ணிருவாங்க. ரொம்ப நேரம் வெச்சிருக்கக் கூடாது" என்றாள் ஆயிஷா.

"அவங்கம்மா மூஞ்சிய பாக்க வேணாமா?" என்றான் கவின்.

ஆயிஷா யோசித்தாள். "எங்க தெருல ஒரு அண்ணா சவுதில மௌத் ஆயிட்டாரு. அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்க. அவங்கம்மா இன்னும் அவருக்கு போன் போட்டுப் பாப்பாங்க மாமா." பிறகு அவளே, "வேணாம். ஊருக்கே தூக்கிட்டு போலாம். நான் மூலிகை வெச்சுக் கட்டறேன், கெடாது."

பனிநாட்டில் இருக்கிற ஒவ்வொருவனும் என்றாவது ஒரு நாள் நினைத்துப் பார்த்து, உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுகிற விஷயம் அது. மூன்று பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அதைச் சாதாரணமாகப் பேசி முடித்துவிட்டார்கள். ஆயிஷாவின் கயிறும் ஆணியும் உதவ, கேடயத்தையே பாடையாகக் கட்டினார்கள். மூன்று பேரும் டைஸ் உருட்டித் தூக்கினார்கள். வழியில் ஓநாய் வந்தது. சிட்டுவின் அணில் அதனிடம் போய்ச் சாவு வீடு என்று சொன்னதும் ஒதுங்கி நின்றது.

பிறகு நாட்டு எல்லையில் ஒரு சுங்கச்சாவடி வைத்தேன். அங்கே ஒரு குமாஸ்தா. அவனாகப் பேச எனக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. அத்தனை கவுன்ட்டரில் நின்றிருக்கிறேன்.

"பிணம் யாருடையது?" என்றேன் மூக்கால்.

"சார், எங்க அண்ணன் சார்" என்றான் கவின்.

"கூடப் பிறந்த அண்ணனா? ஆதாரம் உண்டா?"

"சார், கூடப் பொறந்தாதான் அண்ணனா சார்? பாத்து போட்டு வுடுங்க சார், வெயில்ல நிக்கறோம்."

"பெயர்?"

"ரோவன்."

"ஊர்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஊர் தெரியாமல் எந்த ஊருக்குக் கொண்டுபோகிறீர்கள்? அடுத்த ஆள் வா."

உண்மையாகவே எனக்கும் தெரியாது. இரண்டு வருஷமாக அவனோடு விளையாடியும் ரோவனின் ஊர் எது என்று நான் கேட்டதேயில்லை.

கவின் எழுந்து உள்ளறைக் கதவைத் தட்டினான். "அக்கா, ரோவன் அண்ணா எந்த ஊரு?"

மறுபடி தட்டினான்.

"அக்கா, கிளார்க்கு வுட மாட்றான்க்கா. ரொம்ப ஓவரா பண்றான்."

"கோ அவே."

சிட்டு கதவுக்கு அடியில் குப்புறப் படுத்துச் சந்தில் வாயை வைத்தாள். "தாரிணிக்கா, நாங்க ரோவன் அண்ணாவ அவங்கம்மா கிட்ட கூட்டினு போறோம். வழி சொல்லுக்கா. எனக்கு தோள் வலிக்குது."

அந்த அறையில் ஒரு ஜன்னல் உண்டு. அதில் கொய்யா மரமும் மாடிகளும், அதற்கப்பால் திருநீர்மலையும் தெரியும்.

"ஒரு மலை" என்றாள் தாரிணி கடைசியில். "மேல கோயில் இருக்கு. கீழ அவன் வீடு."

"நீர்மலை மாதிரியா?" என்றான் கவின்.

"நீர்மலைதான்."

கவின் ஓடிவந்து குமாஸ்தா முன் நின்றான். "சார், நீர்மலை சார். நம்ம பக்கம்தான் சார்!"

"தகப்பனார் என்ன வேலை?" என்றேன். எல்லாக் காகிதத்திலும் கேட்கிற கேள்வி. பழக்கத்தில் வந்துவிட்டது.

கவின் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வெல்டர்."

அந்தக் கதை உலகத்தில் கரண்டே கிடையாது. குமாஸ்தா அப்படியே எழுதிக்கொண்டு, முத்திரை குத்தி, வழியை விட்டான்.

6

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் பாயை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். கவினின் யோசனை அது. அங்கிருந்து மலை நன்றாகத் தெரியும். பக்கத்து மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தாரிணி பின்னால் ஏறி வந்து தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்தாள். பாய்க்கு வரவில்லை. நான் அவளைக் கூப்பிடவில்லை. பிள்ளைகளும் கூப்பிடவில்லை. ஆனால் கவின் வழக்கத்தைவிட உரக்கப் பேசினான்.

மலையடிவாரம் வந்தது. குளம் வந்தது. தெருவில் நாலைந்து வீடுகளைக் கேட்டு, கடைசியில் ஓட்டு வீட்டின் முன் கேடயத்தை இறக்கிவைத்தார்கள்.

"கதவைத் தட்டறோம்" என்றாள் ஆயிஷா.

கதவைத் திறக்க வேண்டியது ரோவனின் அம்மா. அவளாகப் பேச வேண்டியது நான். பூதமாகப் பேசியிருக்கிறேன், ராஜாவாக, கிழட்டு மந்திரவாதியாக, ஓநாயாக எல்லாம் பேசியிருக்கிறேன். இந்த அம்மாவாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் குடித்தேன். மறுபடி ஆரம்பித்தேன். வரவில்லை.

"அப்பா" என்றாள் தாரிணி. "அவங்கம்மா நான்."

படியிலிருந்து இறங்கி வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கதவு திறப்பதுபோலக் கையை விரித்தாள். "யாரு நீங்க?"

எப்போதும் வாய் ஓயாத கவின் தலையைக் குனிந்துகொண்டான். ஆயிஷா துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். சிட்டுதான் பேசினாள்.

"ஆன்ட்டி, நாங்க ரோவன் அண்ணா கூட வந்தவங்க. அண்ணாவ கூட்டினு வந்துட்டோம்."

தாரிணி பாயில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் அங்கே யாரோ படுத்திருப்பதுபோல எனக்கும் இருந்தது.

"அவன் எங்க விழுந்துச்சு?"

தமிழ் அப்படித்தான் வந்தது. கவின் சிரிக்கவில்லை.

"பாலத்துல ஆன்ட்டி" என்றாள் சிட்டு.

"ஓடலையா?"

"ஓடல. எனக்காக நின்னாரு. என் அணில் காணாம போச்சு, அதுக்கு நான் நின்னேன், அதுக்கு அவர் நின்னாரு." சொல்லிக்கொண்டே சிட்டுவின் உதடு கோணியது. "சாரி ஆன்ட்டி."

தாரிணி கையை நீட்டி அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். "அவன் சின்னதுலயே அப்படித்தான். நீ அழாத. நீ ரொம்ப தூரம் தூக்கிட்டு வந்த. உன் தோள் வலிக்கும். உள்ள வா, எல்லாரும் வாங்க, சாப்பிடுங்க."

"இந்தக் கேடயத்த இன்னா பண்றது ஆன்ட்டி?" என்றான் கவின், தரையைப் பார்த்தபடி.

"இவளுக்குக் குடுத்துடு. இப்போ பெரிசா இருக்கும். இவ வளருவா."

டைஸ் என் கையிலேயே இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. சிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடியில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, அண்ணாவோட அப்பா எங்க? அவருக்குச் சொல்லணும்ல?"

"வேலைக்குப் போயிருக்கார்" என்றாள் தாரிணி. பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தாள். மூன்று நாளுக்குப் பிறகு. "இப்போ வருவார்."

மற்ற மூவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கதையில் வருகிற மற்ற எல்லோரும் நான்தானே!

நான் எழுந்தேன். மொட்டைமாடியின் அந்தக் கோடிவரை போய், அங்கிருந்து திரும்பி நடந்து வந்து பாயின் முன்னால் நின்றேன்.

"வந்துட்டேம்மா."

"ஏன் இவ்ளோ லேட்டு?" என்றாள்.

"ரொம்ப தூரம்மா" என்றேன்.

அவள் சிட்டுவையும் தூக்கிக்கொண்டு, பாயில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.